எழுத்தம்மாவின் வால்

வலது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை இடுக்கியபடியேதான் ஸுல்மா அரோஸ்பிதே சீட்டைக் கலைக்கிறார். மேசையில் வையுங்கள் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரான துராஸ்னோவில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் ஃபிளாஸ்க்கோடுதான் நடக்கிறோம். ஆனால் இடது அக்குளில். கசப்பான மாத்தே தேநீருக்குத் தழையும் உறிஞ்சுகுழலும் போட்ட சுரைக்குடுக்கை இடது கையில், ஃபிளாஸ்க் அதே பக்க அக்குளில். வலது கை வெந்நீர் ஊற்றவும், ஊர்வம்பு பேசும்போது விரலை நீட்டவும் காலியாக இருக்கும். ஸுல்மா மட்டும் வலது. உடம்பை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தால் போதும், கை படாமலே ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் இறங்கிக் குடுக்கையில் விழும். ஒரு சொட்டு சிந்தாது. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள்.

"ஊரே இடது பக்கம் இடுக்குது, நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டால், "இடது பக்கம் இதயம் இருக்கு. அதைப் போய் எதுக்கு வேக வைக்கணும்?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் முடிந்து கிளப்பில் நாலு பேர் த்ரூக்கோ ஆடுவார்கள். த்ரூக்கோ என்பது சீட்டாட்டம் என்று விதிமுறைப் புத்தகம் சொல்லும். ஆடுகிறவர்களைக் கேட்டால் அது பொய் சொல்லும் ஆட்டம். கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் "த்ரூக்கோ!" என்று கத்த வேண்டும், கையில் எல்லாம் இருப்பவன் வயிற்றுவலிக்காரன்போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டாளிகள் புருவத்தாலும் உதட்டோரத்தாலும் ரகசியமாகப் பேசிக்கொள்ளலாம். அதற்கு விதியிலேயே இடமுண்டு. ஸுல்மாவின் கூட்டாளி பேக்கரிக்காரர் நெல்சன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் வாஷிங்டன் பெர்டோமோ. எங்கள் பக்கத்தில் வாஷிங்டன், மில்டன், நெல்சன் என்றெல்லாம் ஆண் குழந்தைகளுக்குப் பெயர் வைத்த ஒரு காலம் இருந்தது. ஏன் என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

"த்ரூக்கோ!" என்றார் ஸுல்மா.

வாஷிங்டன் தன் சீட்டைப் பார்த்தார். அது நல்ல சீட்டு. ஸுல்மாவின் முகத்தைப் பார்த்தார். அதைவிட நல்ல முகம். சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஸுல்மா தன்னுடையதைத் திருப்பிக் காட்டினார். ஒன்றுக்கும் ஆகாத நாலு.

"உன்னை மாதிரி ஒரு பொய்க்காரிகிட்ட போய் ஜனங்க சத்தியப் பத்திரம் எழுதிக்கிறாங்களே!" என்றார் வாஷிங்டன்.

"பொய்யெல்லாம் ஞாயித்துக்கிழமையே செலவு பண்ணிடுவேன். திங்கள்கிழமைக்கு மிச்சம் வைக்கிறதில்ல."

அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். அவை சீட்டை விசிறியாக்கும், கோழியிலிருந்து எலும்பை உருவும், கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோர்க்கும். நெல்சனின் உள்ளங்காலில் புகுந்த மரச்சிராய் ஒன்றை, அவர் கத்தி முடிப்பதற்குள் எடுத்துப் போட்டது ஸுல்மாவின் வலது கைதான். அந்தக் கையால் முடியாத வேலை உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது: எழுதுவது.

அவருடைய தொழிலும் அது ஒன்றேதான்.

வீடு, நிலம், உயில், பாகப்பிரிவினை என்று எதுவானாலும் எழுதி, "இது உண்மை" என்று கையெழுத்திட்டுத் தருபவரை எங்கள் நாட்டில் 'எழுதுபவர்' என்றே அழைக்கிறோம். பல்கலைக்கழகம் போய், சட்டம் படித்து, உச்ச நீதிமன்றத்தின் முன் சத்தியம் செய்து, கடைசியில் வாங்கிவரும் பட்டம் அது. டாக்டரை டாக்டர் என்பதுபோல ஸுல்மாவைத் தெருவில் பார்த்தாலும் எழுத்தம்மா என்றுதான் கூப்பிடுவோம். இறைச்சிக்கடையில்கூட, "எழுத்தம்மாவுக்கு விலா எலும்பு ரெண்டு கிலோ!"

எழுத்தம்மாவின் கையெழுத்தை இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளின் அலமாரியில் பார்க்கலாம். பெயர் சாதாரணமாகத்தான் இருக்கும். பெயர் முடிந்த பிறகுதான் விஷயம் ஆரம்பிக்கும். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, மாட்டின் மேல் வீசிய சுருக்குக் கயிறு மாதிரி மேலே போய், பெயரை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் வந்து அலையாக நெளிந்து, தாளின் ஓரத்தில் ஒரு புள்ளியில் போய் நிற்கும். அதற்கு ஊரில் 'வால்' என்று பெயர். வால் விழும்வரை யாரும் மூச்சுவிட மாட்டார்கள். புள்ளி விழுந்ததும் விற்றவரும் வாங்கியவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சிலர் சொத்துக்காக வந்தார்களா வாலுக்காக வந்தார்களா என்று சொல்வது கடினம்.

கையெழுத்துப் போடும் அந்த நேரத்தில் மட்டும் ஸுல்மா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிடுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் கையை நீவிவிட்டுக்கொள்வார். சட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

அந்த வால்தான் முதலில் அறுந்தது.

தொடக்கத்தில் கோடு கொஞ்சம் நடுங்கியது. குளிர் என்றார். பிறகு சுட்டுவிரல் பேனாவை ஏறி மிதிக்க ஆரம்பித்தது. பிறகு கட்டைவிரல் உள்ளே மடங்கியது, மணிக்கட்டு வெளிப்பக்கம் திருகியது, முழங்கை தானாக மேலே எழும்பியது. பேனா தாளைத் தொடும்வரை ஒன்றுமில்லை. தொட்ட உடனே அத்தனை விரலும் ஒன்றாகப் பாய்ந்து அதன் கழுத்தை நெரிக்கும். பேனாவைக் கீழே வைத்தால் கை மறுபடி சாது. அதே கையால் அடுத்த நிமிடம் ஆப்பிள் தோலை அறுபடாத ஒரே சுருளாகச் சீவுவார்.

இடது கைக்கு எழுதக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். இடது கை பாவம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்துகொண்டிருக்க, மடியில் சும்மா கிடந்த வலது கை தானாக முறுக்கிக்கொண்டது. எழுதாத கைக்குக் கைப்பிடிப்பு! "யாருக்கு வலிக்குதுன்னே தெரியாம அழுவுற கூட்டுக்குடும்பம் மாதிரி இருக்குய்யா இது" என்றார் நெல்சனிடம்.

ஊர் சும்மா இருக்குமா? குடிக்கிறார் என்றார்கள். குடிப்பதில்லை, குடியை நிறுத்தியதால்தான் நடுக்கம் என்று இன்னொரு கட்சி. வேலைக்காரியைக் கையெழுத்துப் போட வைக்கிறார் என்று கிளப்பிவிட்டவர் யாரென்று தெரியவில்லை. ஸுல்மா வீட்டில் வேலைக்காரியே கிடையாது. வாஷிங்டனும் தொழிலில் எழுதுபவர்தான், ஒரே வகுப்பில் படித்தவர். அவர் மட்டும் நேராகவே கேட்டார்.

"உன் வாலுக்கு என்ன ஆச்சு ஸுல்மா? வாசக்கதவுல மாட்டிக்கிச்சா?"

"உனக்கு முளைக்கவே இல்லையே, அதுக்கு இது தேவலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் காரியம் முற்றிவிட்டது. நெல்சன் பல காலம் வாடகை கொடுத்துவந்த பேக்கரிக் கட்டடத்தை ஒருவழியாக விலைக்கு வாங்கினார். பத்திரம் எழுதியது ஸுல்மா. பதிவுக்குப் போன பத்திரம் திரும்பி வந்தது: கையெழுத்து, பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை. பின்னாலேயே தலைநகரிலிருந்து ஒரு தாக்கீது. எங்கள் எழுதுபவர்கள் எல்லோருடைய கையெழுத்தும், வால் உட்பட, தலைநகர் மொந்தெவிதெயோவில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. ஸுல்மா அங்கே நேரில் வந்து அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுக் காட்ட வேண்டும். பழையதோடு ஒத்துப்போனால் சரி. போகாவிட்டால் முத்திரையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதன்பின் அவர் எழுத்தம்மா அல்ல, வெறும் ஸுல்மா.

"தட்டச்சுல அடிச்சா என்ன? ரப்பர் ஸ்டாம்பு குத்தினா என்ன?" என்று நெல்சன் கொதித்தார்.

"கையால போட்டாத்தான் சட்டம் ஒத்துக்கும்."

"உங்க கைதான் ஒத்துக்க மாட்டேங்குதே!"

"அதான். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே ஸுல்மா மொந்தெவிதெயோவுக்கு ஒரு முறை போய்வந்தார், டாக்டரைப் பார்க்க. டாக்டர் இவோன் சப்ரீசா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் சுத்தியலால் தட்டினார். கை எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பதில் சொன்னது. "கையில ஒண்ணுமில்ல. மேல பாப்போம்" என்று நெற்றியைக் காட்டினார்.

மூளையைப் படம் பிடிக்கும் அந்தக் குழாய்க்குள் உலோகம் போகக்கூடாது. ஃபிளாஸ்க்கை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். படுக்க வைத்து, தலையை இறுக்கி, வயிற்றின் மேல் ஒரு பலகையையும் கையில் மரப்பென்சிலையும் கொடுத்தார்கள். முதலில் விரலால் தாளம் போடச் சொன்னார்கள். போட்டார். பிறகு ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் வந்தது.

"இப்ப எழுதுங்க. 'வெளியே மழை பெய்கிறது'ன்னு திரும்பத் திரும்ப எழுதுங்க."

பென்சில் அசையவில்லை.

"ஸுல்மா அம்மா? வலிக்குதா?"

"மழை பெய்யலையே."

"என்னது?"

"நான் வரும்போது நல்ல வெயில் டாக்டர். பெய்யாத மழையைப் பெய்யுதுன்னு நான் எப்படி எழுதித் தருவேன்? நாளைக்கு யாராவது கேட்டா?"

 பிறகு 'வெளியே வெயில் அடிக்கிறது' என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஸுல்மா எழுத ஆரம்பித்தார், கை முறுக்கிக்கொண்டது, இயந்திரம் கடகடவென்று படம் பிடித்துத் தள்ளியது.

படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார் டாக்டர். சாம்பல் நிற மூளையில் அங்கங்கே மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள். தாளம் போட்டபோது எடுத்த படத்தில் திட்டுகள் அடக்கமாக இருந்தன. எழுதும்போது எடுத்ததில் அடுத்த வீட்டு வேலி தாண்டிப் பரவியிருந்தன.

"பாருங்க, மூளைக்குள்ள ஒவ்வொரு விரலுக்கும் ஒரு இடம் உண்டு. கட்டைவிரலுக்கு இங்க, சுட்டுவிரலுக்குப் பக்கத்துல. எழுதணும்னா ஒரு விரலை 'நகரு'ன்னு சொன்னாப் போதாது. மத்த விரலுங்களைப் பாத்து 'நீ சும்மா இரு'ன்னும் சொல்லணும். உங்களுக்கு அந்த 'சும்மா இரு'தான் பலமா விழ மாட்டேங்குது. அதனால எல்லாரும் ஒரே நேரத்துல வேலைக்கு வந்துடறாங்க. அதுவும் எழுதும்போது மட்டும். போகப்போக விரலுங்களோட இடமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது."

ஸுல்மா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பத்திரத்தோடு வந்த நில வரைபடத்தைப் பார்ப்பதுபோல.

"அப்ப எல்லைக்கல்லு நகந்துபோச்சுன்னு சொல்றீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"கட்டைவிரல் ஆக்கிரமிப்பு பண்ணியிருக்கா, சுட்டுவிரலா?"

"ரெண்டும்தான்."

"எல்லைத் தகராறு. எனக்குப் புரியுது. இத்தனை வருஷமா எத்தனை பாத்திருப்பேன்! வழக்கு யாரு மேல போடறது?"

ஏன் வந்தது என்று கேட்டதற்கு டாக்டர் உண்மையைச் சொன்னார்: முழுசாகத் தெரியாது. அதிகமாக எழுதுகிறவர்களுக்கு வருகிறது, ஆனால் அதிகமாக எழுதும் எல்லோருக்கும் வருவதில்லை. மனசுக் கோளாறு இல்லை, சோம்பல் இல்லை, குடி இல்லை. ஊசி ஒன்று இருக்கிறது, போட்டால் முறுக்கும் தசை தளரும். பயிற்சி இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகும்.

"ஊசி போட்டா சீட்டுக் கலைக்க முடியுமா?"

"கொஞ்ச நாளைக்கு விரல்ல பிடிமானம் குறையலாம்."

"வேண்டாம்" என்று ஸுல்மா எழுந்துவிட்டார். தொழிலா த்ரூக்கோவா என்று வந்தால் துராஸ்னோக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது சன்னல் பக்கம் திரும்பியே இருந்தாராம். அடுத்த இருக்கையில் இருந்தவர் மாத்தே நீட்டியபோது முதல் சுற்றிலேயே "நன்றி" என்றுவிட்டார். ஒரே குடுக்கை கைமாறும் எங்கள் மாத்தே சுற்றில் 'நன்றி' என்றால், 'போதும், இனி எனக்கு ஊற்ற வேண்டாம்' என்று பொருள். ஸுல்மா முதல் சுற்றில் நன்றி சொல்லி யாரும் கேட்டதில்லை. செய்தி பஸ்ஸுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது.

தாக்கீது நாள் நெருங்கியது. ஸுல்மா கையெழுத்துப் பழகிப் பழகி ஒரு கூடைத் தாளைக் கசக்கினார். ஃபிளாஸ்க்கைக் கீழே வைப்பார், உட்காருவார், நிமிர்வார், சட்டைக் கையை நீவுவார், கை முறுக்கும். மறுபடி முதலிலிருந்து.

ஒரு காலை, எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த மில்டன் வாசலில் மணி அடித்தான். ஸுல்மா அப்போதுதான் அன்றைய முதல் மாத்தேயில் இருந்தார். இடது கையில் குடுக்கை, வாயில் குழல், வலது அக்குளில் ஃபிளாஸ்க்.

"எழுத்தம்மா, சீக்கிரம். வண்டி நடுத்தெருவுல நிக்குது, பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். இதுல ஒரு கையெழுத்து."

ஸுல்மா தெருவில் இறங்க, ரசீதை வண்டியின் பக்கவாட்டிலேயே வைத்துப் பிடித்தான். ஸுல்மா குழலை வாயிலிருந்து எடுக்காமலே பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தார். மில்டன் ரசீதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினான். வண்டி கிளம்பியது. ஸுல்மா குழலில் ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். குடுக்கை காலியாகி, அடியில் கொர்ரென்று சத்தம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது.

எங்கள் தெருவில் அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மரியாதைக்குரிய எழுத்தம்மா, வீட்டுச் செருப்போடு, அக்குளில் ஃபிளாஸ்க்கோடு, சிலிண்டர் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறார்.

"டேய் மில்டா! நிறுத்துடா! என் கையெழுத்தைக் குடுடா!"

மில்டன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சில்லறை குறைவாகக் கொடுத்துவிட்டோமோ என்று வண்டியை ஓரங்கட்டினான். ஸுல்மா மூச்சிரைக்க வந்து அவன் சட்டைப்பைக்குள்ளேயே கையை விட்டார்.

"எழுத்தம்மா! அது கம்பெனிக்குக் குடுக்கணும்!"

"கம்பெனி நாசமாப் போக. இதைப் பாரு. பாருடா!"

மில்டன் பார்த்தான். நெல்சன் பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு வந்து பார்த்தார். ஹாரன் அடித்த பஸ்காரனும் இறங்கி வந்து பார்த்தான். கசங்கிய எரிவாயு ரசீதில், ஒரு பிசிறில்லாமல், பெயர், சுருக்குக் கயிறு, சுற்று, அலை, ஓரத்தில் புள்ளி. வால் முழுசாக வந்திருந்தது.

"எப்படி வந்துச்சு?" என்றார் நெல்சன்.

"தெரியல. நான் மாத்தே குடிச்சிட்டிருந்தேன்."

"அப்படியே இன்னொண்ணு போடுங்க!"

போட்டார், பேக்கரியின் ரொட்டி சுற்றும் தாளில், ஃபிளாஸ்க்கோடு. வந்தது. ஃபிளாஸ்க்கை நெல்சனிடம் கொடுத்துவிட்டுப் போட்டார். விரல்கள் பேனாவின் கழுத்தை நெரித்தன. மறுபடி ஃபிளாஸ்க்கை வாங்கி இடுக்கிக்கொண்டு போட்டார். வந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்து வரிசையில் நின்று பார்த்தார்கள்.

சட்டத்துக்கு மரியாதை கொடுத்து ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்ததுதான் தப்பு. இத்தனை காலமும் வாலை அறுத்தது அந்த மரியாதைதான்.

டாக்டர் சப்ரீசா தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கினார்: இந்த மாதிரி ஆட்களுக்கு இப்படி ஏதாவது ஒரு தந்திரம் வாய்ப்பதுண்டு. ஒருவருக்கு மணிக்கட்டில் மறுகையை வைத்தால் கை இளகும், இன்னொருவருக்குப் பேனாவில் துணி சுற்றினால் இளகும்.

"உங்க மூளைக்கு 'எழுதப் போறேன்'னு தெரிஞ்சாத்தான் கலவரம். அக்குள்ல கனமும் சூடும் இருந்தா, 'ஓ, மாத்தே குடிக்கிறாங்க'ன்னு நெனச்சுக்குதோ என்னவோ. நீங்க அதை ஏமாத்துறீங்க."

"மூளையையேவா?"

"ஆமா. சில பேருக்கு உண்மையா தொடக்கூட வேண்டாம். தொட்டதா நெனச்சாலே போதும், கை அடங்கிடும்."

"சாட்சி இல்லாம நான் எதையும் ஒத்துக்கறதில்ல டாக்டர். எனக்கு ஃபிளாஸ்க் போதும்."

மொந்தெவிதெயோவுக்குத் தன் காரில் கூட்டிப்போனவர் வாஷிங்டன். தாக்கீது வரவைத்தது நான்தான் என்று ஊர் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக என்றார் ஒருவரிடம். இன்னொருவரிடம், "அவ போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் யாருகிட்ட தோக்குறது?" என்றார். வழி நெடுக இருவரும் மாத்தே குடித்தார்கள். "வெந்நீரைத் தீத்துடாதே, எனக்குக் கனம் வேணும்" என்று ஸுல்மா பாதி வழியில் சுற்றை நிறுத்தினார்.

அலுவலகத்தின் வாசலில் ஒரு பலகை: கட்டடத்துக்குள் மாத்தே அருந்தத் தடை.

"நான் குடிக்க மாட்டேன். சும்மா இடுக்கிக்கிட்டு வரேன்" என்றார் ஸுல்மா.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார் காவலாளி. ஃபிளாஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை ஃபிளாஸ்க்குகள், குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் மாதிரி நின்றன.

"அது எனக்கு மருந்துய்யா!"

"எனக்கும் மருந்துதான். நானே காலையிலேருந்து குடிக்கல."

வாஷிங்டன் சட்டம் பேசினார். காவலாளி பலகையைக் காட்டினார். வாஷிங்டன் இன்னும் உரக்கச் சட்டம் பேசினார். காவலாளி பலகையை இன்னும் கிட்டத்தில் காட்டினார். மேலேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். ஸுல்மா வெறும் கையோடு படி ஏறினார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். மாத்தே இல்லாத காலை நேரம் ஒரு மனிதனை என்ன செய்யுமோ அதெல்லாம் அவர் முகத்தில் இருந்தது. பழைய கையெழுத்து ஒட்டிய அட்டையை ஒரு பக்கமும், மூன்று கட்டம் போட்ட தாளை மறுபக்கமும் வைத்தார். "ஒரு கட்டமாவது ஒத்துப்போகணும்மா" என்று சொல்லிக் கொட்டாவி விட்டார்.

ஸுல்மா முதல் கட்டத்தில் பேனாவை வைத்தார். விரல்கள் பாய்ந்தன. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓரத்துக்குப் போனது.

அதிகாரி அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.  

இரண்டாம் கட்டம். பெயரின் பாதியிலேயே மணிக்கட்டு திருகிவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் அதிகாரி மெதுவாக. "வேணும்னா தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"தண்ணி இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்!" என்றார் ஸுல்மா. அதிகாரிக்குப் புரியவில்லை.

ஸுல்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். எதிரே ஓர் அதிகாரி. தலைக்குள்ளே எழுதுவதற்காகவே காத்துக்கொண்டு, எழுதத் தொடங்கியதும் கலவரம் செய்யும் ஒரு கூட்டம். தன் கையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுக்கும் ஆகாத நாலு.

அவர் முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாஷிங்டன் அங்கே இருந்திருந்தால் தன் சீட்டைக் கவிழ்த்திருப்பார்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வலது முழங்கையை விலாவோடு சேர்த்து, அங்கே இல்லாத ஒன்றை இடுக்கிக்கொண்டார். கனத்துக்கு ஏற்றபடி தோள் ஒரு பக்கம் இறங்கியது. இடது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, உள்ளங்கையைக் குடுக்கை அளவுக்கு வளைத்தார். உடம்பைச் சாய்த்து, வெந்நீர் விழுவதைப் பொறுமையாகப் பார்த்தார். சிந்தாமல் பார்த்துக்கொண்டார். உதட்டைக் குவித்து ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணை மூடினார், கசப்பு இறங்கும்போது நாம் எல்லோரும் மூடுவதுபோல.

அதிகாரியின் கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. அவர் எச்சில் விழுங்கினார்.

வலது கை, யாருக்கோ ரசீது போட்டுக் கொடுப்பதுபோல, கவனமே இல்லாமல் பேனாவை எடுத்து மூன்றாம் கட்டத்துக்கு வந்தது. பெயர் விழுந்தது. கயிறு மேலே போனது. சுற்றிக்கொண்டு அடியில் வந்து, அலையாக நெளிந்து, கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரத்துக்கே போய்ப் புள்ளியில் நின்றது.

ஸுல்மா தாளைப் பார்க்கவில்லை. குழலில் கடைசி இழுப்பை, அந்தக் கொர்ரென்ற சத்தம் வரும்வரை இழுத்து முடித்தார். பிறகு உடம்பைச் சாய்த்து மறுபடி ஊற்றி, நிரம்பியது தளும்பாமல், வளைந்த இடது கையை மேசைக்கு மேலே அதிகாரியை நோக்கி நீட்டினார்.